பயணத்தில் ஒரே ஒரு மாலை கிடைத்தால் பழைய ராக் பாட்டு நாடகத்துக்குப் போகலாமா?

செம்பூர்க்காரன் எழுதியது:

அலுவலக வேலையாகவோ பிள்ளைகளைப் பார்ப்பதற்காகவோ லண்டன் போய்வரும் நம் மும்பைத் தமிழர்களில் பெரும்பாலோர் அரண்மனை, பாலம், அருங்காட்சியகம் என்று பகலைக் கழித்துவிட்டு, மாலையில் அறைக்குத் திரும்பி விடுகிறார்கள். நாடகத்துக்குப் போகலாமே என்றால், ஆங்கில வசனத்தின் வேகத்துக்கு நம் காது ஈடு கொடுக்காது, டிக்கெட் விலையும் கட்டுப்படியாகாது என்று தயாராக இரண்டு காரணங்கள் வைத்திருக்கிறார்கள். 2023 கோடையில் லண்டன் கொலிசியம் அரங்கில் ‘வீ வில் ராக் யூ’ பார்த்தேன். கதை என்று எடுத்துக்கொண்டால் அது சுமாரான நாடகம்தான். ஆனாலும் வெளியூரில் ஒரு மாலை மட்டுமே கையில் இருப்பவர், அதிலும் ஆங்கில மேடைக்குப் புதியவர், முதலில் பார்க்க வேண்டியது இந்த வகை நாடகத்தைத்தான் என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்காகச் சிறிது பின்னணி. குவீன் இசைக்குழுவின் பாட்டுகளைக் கோத்து அவற்றுக்கு இடையே பென் எல்டன் ஒரு கதையைப் புகுத்தினார். 2002 மே மாதம் டொமினியன் அரங்கில் நாடகம் தொடங்கியபோது விமர்சகர்கள் ஏறக்குறைய ஒருமுகமாக அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மக்களோ அதை 2014 மே வரை, 12 ஆண்டுகள், ஓட வைத்தார்கள். அந்த அரங்கின் வாசலில் கையை உயர்த்தி நின்ற, குவீன் பாடகர் ஃபிரெட்டி மெர்குரியின் பெரிய சிலையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது மூன்று மாதத்துக்கு மட்டும் மீண்டும் மேடையேற்றப்பட்ட வடிவம். அதில் எழுத்தாளரே ஒரு வேடமும் கட்டினார்.

கதை எதிர்காலத்தில் நடக்கிறது. ஒரே நிறுவனம் உலகத்தை ஆள்கிறது, இசைக்கருவிகளுக்குத் தடை, எல்லாரும் கணினி தயாரித்துத் தரும் பாட்டையே கேட்கிறார்கள். கலிலியோ என்ற இளைஞனின் தலைக்குள் மட்டும் எங்கிருந்தோ பழைய பாட்டு வரிகள் வந்து விழுகின்றன. பொருள் தெரியாமலே அவற்றை அவன் உளறுகிறான். அவன் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் அரங்கு சிரிக்கிறது. வரிகளில் நகைச்சுவை ஏதும் கிடையாது; அவனுக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரியும் என்கிற மகிழ்ச்சியில் இரண்டாயிரம் பேர் சிரிக்கிறார்கள். புரட்சிக் கூட்டத்தாருக்கும் பழைய பாடகர்களின் பெயர்கள்தாம் வைக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் ஆள் மாறாட்டமாக. அவற்றில் ஒரு பெயருக்கு என் பக்கத்து இருக்கை அம்மையார், எழுபது வயது இருக்கும், முன்னிருக்கையின் முதுகைத் தட்டித் தட்டிச் சிரித்தார்; முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாமும் சேர்ந்துகொண்டார்.

எல்லாம் முடிந்து நடிகர்கள் வணக்கமும் சொன்ன பிறகு, ‘போஹீமியன் ராப்சொடி’ வேண்டுமா என்று திரையில் எழுத்து ஓடுகிறது. அரங்கு கத்துகிறது. சரி, போனால் போகிறது என்கிற தோரணையில் பதில் வருகிறது. 1975-இல் வெளிவந்த, 5 நிமிடம் 55 விநாடி ஓடும் அந்தப் பாட்டைத் தொடக்கத்திலிருந்து நாடகம் பதுக்கி வைத்திருந்ததே அந்தக் கத்தலுக்காகத்தான். மலிவான உத்தி என்று தெரிந்தும் நானும் கத்தினேன். இதை வீட்டில் ஒலிநாடாவிலோ கைப்பேசியிலோ பெற முடியாது. வசனத்தில் பாதி தவறிப் போனாலும் பாட்டுகள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் கைவிடப்பட்ட உணர்வு வராது என்பதே புதியவர்களுக்கு நான் சொல்ல வந்தது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

முலுந்து வாசகி எழுதியது:

செம்பூர்க்காரரே, நீங்கள் சொன்ன காரணத்தை வைத்தே நான் எதிர்க்கட்சியில் உட்காருகிறேன். பாட்டு ஏற்கெனவே தெரியும் என்றால், விமானம் ஏறிப் போய் அதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? தெரிந்ததையே திரும்பக் கேட்டுத் தெரிந்தவர்களோடு சேர்ந்து தலையாட்டுவதற்கு நமக்குச் சண்முகானந்தா அரங்கில் மெல்லிசைக் கச்சேரிகள் இருக்கின்றன. கூடவே இடைவேளையில் நல்ல காபியும் கிடைக்கும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த வகைப் பெரிய தயாரிப்புகளைப் பார்க்க வெளிநாடு போனால்தான் உண்டு என்றிருந்தது. 2023 மார்ச் இறுதியில் பாந்த்ரா குர்லா வளாகத்தில் நீதா முகேஷ் அம்பானி பண்பாட்டு மையம் திறந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. 2,000 இருக்கைகள் கொண்ட பேரரங்கில் அதே ஆண்டு மே மாதம் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ வந்தது, ஆகஸ்டில் ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’ வந்தது, 2025 மார்ச்சில் ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’வும் வந்துவிட்டது. பெயர் பெற்ற பழைய நாடகங்களெல்லாம் சுற்றுப்பயணக் குழுக்களாக நம் வாசலுக்கே வரும்போது, லண்டனில் கிடைக்கும் ஒரே மாலையை நேற்று எழுதப்பட்ட, சிறிய அரங்கில் நடக்கிற, மும்பைக்கு எந்நாளும் வரப்போகாத ஒரு நாடகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். வசனம் பாதி புரியாவிட்டால் என்ன? நடிகரின் உடம்பு புரியுமல்லவா?

கிங்ஸ் சர்க்கிள் எழுதியது:

இந்த இழையில் வயதில் மூத்தவன் நானாகத்தான் இருப்பேன் என்று எண்ணுகிறேன். ராக் இசை நாடகம் என்ற பொருள் பழைய நினைவுகளை விற்கும் கடையாக மாறியதை என் ஆயுளுக்குள்ளேயே பார்த்துவிட்டேன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு ஓரளவு உரிமை உண்டு.

‘ஹேர்’ 1967-இல் நியூயார்க்கில் மேடையேறியபோது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அரங்குக்கு வெளியே இளைஞர்கள் எதற்காகத் தெருவில் நின்றார்களோ அதையே உள்ளே பாடினார்கள். ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ 1970-இல் முதலில் இசைத்தட்டாகத்தான் வந்தது, அடுத்த ஆண்டு நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் நாடகமானது. 1974-இல் நம் பம்பாயில் நாடக இயக்குநர் அலீக் பதம்சீ அதை மேடையேற்றினார். அப்போது நான் கல்லூரி மாணவன். ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாகப் பாடியவர் நந்து பேண்டே. மராத்தி வீட்டுப் பிள்ளை ஒருவர் அப்படியொரு தொண்டையோடு ராக் பாடுவதை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. எங்கள் மாட்டுங்காக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வீட்டில் காலையில் சுப்ரபாதமும் மாலையில் பாட்டு வகுப்பும்தான்; நாடகம் முடிந்து ரயில் நிலையம் நோக்கி நடக்கையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, மாட்டுங்கா வந்த பிறகுதான் சண்டையே தொடங்கியது. ஏசுவை இப்படிக் காட்டலாமா, துரோகிக்கு நல்ல பாட்டுகளையெல்லாம் கொடுத்தது நியாயமா என்றெல்லாம் விடிய விடியப் பேசினோம்.

அந்த நாடகத்தைப் பார்க்கப் போனவர்கள் தங்கள் இளமையைத் தேடிப் போகவில்லை, இளமையாகவே இருந்தார்கள். செம்பூர்க்காரர் பார்த்தது அதன் பேரன் வயதுச் சரக்கு. சண்டை போட அதில் என்ன இருக்கிறது? இயந்திர இசை உலகை ஆளக் கூடாது என்று உபதேசிக்கும் நாடகம், மேடை விளக்குகளும் திரைக்காட்சிகளும் இசையும் நொடி பிசகாமல் ஒரே கணக்கில் ஓட, வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வருகிறது. அந்த முரண்பாட்டை அரங்கில் யாராவது கவனித்தார்களா?

மேலும் ஒரு மனக்குறை. ஃபிரெட்டி மெர்குரி ஜான்சிபாரில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்த பார்சிப் பிள்ளை. படித்தது நம் பஞ்ச்கனி செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில். ‘ஹெக்டிக்ஸ்’ என்று அவர் முதலில் குழு சேர்த்து வாசித்ததும் அந்தப் பள்ளியில்தான். இவற்றில் ஒன்றாவது அந்த நாடகத்தில் உண்டா?

செம்பூர்க்காரன் எழுதியது:

கிங்ஸ் சர்க்கிள் ஐயாவுக்கு வணக்கம். பஞ்ச்கனி பற்றி ஒரு வரியும் இல்லை. 1990-களில் முதலில் போட்ட திட்டம் வாழ்க்கை வரலாற்று நாடகமாகத்தான் இருந்தது. நடிகர் ராபர்ட் டி நீரோவின் நிறுவனமும் தயாரிப்பில் சேர்ந்திருந்தது. பிறகு பென் எல்டன் வந்து வரலாற்றை விட்டுவிட்டுக் கற்பனைக் கதையாக மாற்றினார். மெர்குரி இறந்தது 1991-இல். சாவில் முடியும் கதையைக் காட்டிய பிறகு கூட்டத்தைக் கத்த வைக்க முடியாது என்பதால் அது வியாபாரத்துக்குச் சரியான முடிவு. கலைக்கும் சரியா என்று கேட்டால் எனக்கு ஐயம்தான்.

இயந்திர ஒழுங்கு பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் இசைக்குழு நேரடியாகவே வாசித்தது. கிதார்க்காரருடைய தனி ஆவர்த்தனம் வந்தபோது, என்னைச் சுற்றியிருந்த நரைத்த தலைகள் ஒரு சுரம் பிசகுகிறதா என்று காத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். டொமினியனில் ஓடிய காலத்தில் குவீன் குழுவின் கிதார்க்காரர் பிரையன் மேயே சில இரவுகளில் முன்னறிவிப்பின்றி வந்து அந்தப் பகுதியை வாசித்துவிட்டுப் போவாராம். இன்றைக்கு வருவாரோ என்ற எதிர்பார்ப்பே டிக்கெட் விற்றிருக்கும்.

ஆண்டாப் ஹில் எழுதியது:

நான் மதுரைப் பக்கம் பிறந்தவன். ராக் இசையில் எனக்குப் பெரிய பழக்கமில்லை. ஆனால் தெரிந்த பாட்டைக் கேட்க நாடகத்துக்குப் போவது தாழ்ந்த ரசனை என்பது போல முலுந்து வாசகி அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நூறாண்டுக்கு மேலாக எங்கள் ஊர்த் திருவிழாக்களில் நடக்கிறது. கதை தெரியாதவர் கிடையாது, பாட்டு தெரியாதவரும் கிடையாது. ஸ்பெஷல் நாடகத்தில் நாயக வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை, பல நேரம் அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஆர்மோனியக்காரர் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து சுருதி கொடுத்தால் எல்லாம் கூடி வந்துவிடும். கூட்டம் காத்திருப்பது வேலனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்கு. அங்கே தெரிந்த பாட்டுக்கு நடுவே தெரியாத வாதம் புறப்படும். அன்றைய ஊர்ச் செய்தி நுழையும். நாரதர் சளைத்தவராக இருந்தால் வள்ளி அவரை விடிய விடிய நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பாள். நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா காலத்தில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் அதே பாட்டை வேறு சங்கதிகளோடு பாடுவாராம்.

ஆகவே தெரிந்த பாட்டு ஒரு குறையே இல்லை. பாடுகிறவருக்கு அதை அன்றைக்கு மாற்றிப் பாட இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. செம்பூர்க்காரர் சொல்வதைப் பார்த்தால் லண்டனில் கூட்டத்துக்கு உற்சாகம் இருந்தது, நடிகருக்கு உரிமை இல்லை. அங்கே பார்வையாளர் கூடவே பாட அனுமதி உண்டா? எங்கள் ஊரில் முன்வரிசைப் பெரியவர் சேர்ந்து பாடினால் ராஜபார்ட் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பாடுவார்.

செம்பூர்க்காரன் எழுதியது:

அதற்குத்தான் அங்கே பெரிய சண்டையே. 2023 ஏப்ரலில் மான்செஸ்டர் பேலஸ் அரங்கில் ‘தி பாடிகார்டு’ நாடகத்தின் உச்சப் பாட்டின்போது சிலர் நடிகையை மீறிக் கத்திப் பாடியதால் காட்சியை முடிவுக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் நிறுத்திவிட்டார்கள், போலீசும் வந்தது. பல அரங்குகளில் இப்போது வாசலிலேயே, கூடவே பாட வேண்டாம் என்று பலகை வைக்கிறார்கள். நான் பார்த்த நாடகத்தில் கை தட்டவும் கடைசியில் எழுந்து நின்று பாடவும் அவர்களே இடம் கொடுத்தார்கள். எப்போது பாடலாம் என்பதை மேடைதான் முடிவு செய்கிறது. ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும் அதிகாரம் கூட்டத்தின் கையில் இல்லை. இந்த இடத்தில் அண்ணன் சொல்வதை ஏற்கிறேன்.

தாணே எழுதியது:

நியூயார்க்கில் ‘ராக் ஆஃப் ஏஜஸ்’ பார்த்தவன் என்ற முறையில் ஒரு மாற்றுச் சான்று தருகிறேன். அது 2009-இல் பிராட்வேக்கு வந்து 2015 ஜனவரியில் முடிந்தது. 1987-ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸ், சன்செட் ஸ்டிரிப் தெருவிலுள்ள ஒரு ராக் விடுதி, அதை இடித்துக் கட்டடம் எழுப்ப வரும் ஜெர்மானிய முதலாளி, இவ்வளவுதான் கதை. நான் பார்த்தது ஹெலன் ஹேய்ஸ் அரங்கில். 600 இருக்கைகூட இல்லாத சிறிய இடம். இசைக்குழு மேடைமேலேயே நிற்கும். கதைசொல்லி நடுநடுவே நாடகத்தை நிறுத்தி, இந்தக் கதை எவ்வளவு அபத்தம் என்று நம்மிடமே கேலி பேசுவார்; ஆண்டாப் ஹில் அண்ணா, நம் ஸ்பெஷல் நாடகத்துப் பபூன் செய்கிற அதே வேலை. லண்டன் கதைக்கு இல்லாத ஓர் அடக்கம் இதற்கு உண்டு: தான் தத்துவம் பேசுவதாக இது நடிப்பதில்லை.

சிரித்துக்கொண்டே பார்த்தேன், ஆனால் விடுதியை இடிக்கப் போகிறார்கள் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தோபி தலாவ் பக்கம் ரங் பவன் என்று ஒரு திறந்தவெளி அரங்கு இருந்தது. 1986-இல் தொடங்கிய ‘இண்டிபெண்டன்ஸ் ராக்’ விழா ஆண்டுதோறும் அங்கேதான் நடந்தது. 1994-இல் பிரிட்டனின் ஜெத்ரோ டல் ராக் குழுவே வந்து வாசித்தது. கல்படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பம்பாய்ப் பிள்ளைகள் சொந்தப் பாட்டை எழுதி வாசிப்பதை அங்கேதான் கேட்டேன். பக்கத்தில் மருத்துவமனைகளும் கல்லூரியும் இருப்பதால் அமைதி மண்டலம் என்று முடிவாகி, 2000-களின் தொடக்கத்தில் இசை நின்றது. அதில் நோயாளிகள் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நாடகத்தில் வந்தது போன்ற வில்லன் முதலாளியும் இங்கே கிடையாது. பிறகு காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் கடையும் 2016-இல் மூடப்பட்டது. குழுவின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் ஒலிநாடாவை எடுத்து நீட்டுவார். கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இதில் எனக்குத் தோன்றியது இதுதான். அமெரிக்கக்காரன் தன் பழைய ராக் விடுதியை மேடையில் கட்டி, டிக்கெட் போட்டு, நமக்கே விற்கிறான். அடுத்தவருடைய பழைய நினைவுகளை வாங்கிப் பார்க்க நாம் கடல் கடந்து போகிறோம். ரங் பவன் பற்றி ஒரு பாட்டு நாடகம் எழுத இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முலுந்து வாசகி எழுதியது:

தாணே அவர்களே, நீங்கள் எனக்கு எதிராக எழுதுவதாக நினைத்துக்கொண்டு என் கட்சியைத்தான் பலப்படுத்தியிருக்கிறீர்கள். ‘பாம்பே டிரீம்ஸ்’ நினைவிருக்கிறதா? 2002-இல், செம்பூர்க்காரருடைய நாடகம் தொடங்கிய அதே கோடையில், ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் மேடையேறியது. அதிலும் சில ஏற்கெனவே நம் படங்களில் கேட்ட மெட்டுகள்தாம். தயாரித்தவர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். மும்பைக் குப்பத்துப் பையனின் கதையை, சென்னைக்காரர் இசையில், லண்டன்காரர்கள் பார்த்தார்கள். ஆண்டாப் ஹில் அண்ணன் சொன்ன மாற்றிப் பாடும் உரிமை பற்றி நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்; ஆனால் ஒரே மாலை என்ற கேள்விக்கு என் பதில் மாறவில்லை.

டோம்பிவிலி எழுதியது:

பெரியவர்கள் விவாதத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் மனைவியோடும் மாமியாரோடும் லண்டன் போகிறேன். மாமியாருக்கு 68 வயது, கேட்பது பி. சுசீலா, பார்ப்பது தொலைக்காட்சி. முழங்கால் வலி உண்டு. அவரை இதுபோன்ற நாடகத்துக்கு அழைத்துப் போகலாமா? சத்தம் தாங்குமா? டிக்கெட்டை இங்கிருந்தே எடுத்துவிட வேண்டுமா?

செம்பூர்க்காரன் எழுதியது:

சத்தம் இருக்கும். ராக் நாடகம் எதுவானாலும் தாளக்கருவியின் அதிர்வு நெஞ்சில் இடிக்கும். காதுக்குப் பஞ்சு எடுத்துச் செல்லுங்கள். முழங்கால் வலி இருப்பவருக்கு மேல்மாடி இருக்கைகள் வேண்டவே வேண்டாம். விக்டோரியா காலத்திலும் அதை ஒட்டியும் கட்டிய பல அரங்குகளில் மேல்தளத்துக்குத் தனிப் படிக்கட்டு, அதுவும் செங்குத்து. மின்தூக்கி எல்லாத் தளத்துக்கும் போகாது. விலை கூடினாலும் கீழ்த்தளத்தில் ஓர இருக்கையாக எடுங்கள். பதிவு செய்யும்போது படி ஏற இயலாதவர் என்று தெரிவித்தால் உதவுவார்கள்.

டிக்கெட்டுக்கு அவசரமில்லை. லெஸ்டர் சதுக்கத்தில் டி.கே.டி.எஸ். என்ற கூண்டுக்கடை இருக்கிறது. அரங்குகளின் சங்கமே நடத்துவது, அன்றைய காட்சிகளுக்குத் தள்ளுபடி விலையில் டிக்கெட் கிடைக்கும். அதே சதுக்கத்தைச் சுற்றிப் பலகை மாட்டியிருக்கும் மற்ற கடைகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உடைக்கு விதி எதுவும் இல்லை, சேலை தாராளமாகக் கட்டலாம். இடைவேளையில் சிறு கிண்ணத்தில் ஐஸ்கிரீம் விற்பார்கள், கரண்டி மூடிக்குள்ளேயே இருக்கும். என் பக்கத்து அம்மையார் காட்டித் தராவிட்டால் நான் கரண்டி கேட்டு வரிசையில் நின்றிருப்பேன். முன்னிருக்கையின் முதுகில் சிறிய இருகண் நோக்கி மாட்டியிருந்தால் காசு போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

கிங்ஸ் சர்க்கிள் எழுதியது:

சுசீலா கேட்கும் காதுக்கு ராக் எதற்குத் தம்பி? ‘மம்மா மியா!’ 1999-இலிருந்து லண்டனில் ஓடுகிறது, இப்போது நொவெல்லோ அரங்கில். ஸ்வீடனின் ‘அப்பா’ (ABBA) இசைக்குழுவின் பாட்டுகள் மெட்டு சார்ந்தவை, காதை அறையாது. தாயும் மகளும், மகளின் கல்யாணமும் என்று கதையும் நம் வீட்டுக் கதைதான். தந்தை யார் என்று தெரியாத சிக்கலை மட்டும் மாமியாருக்கு முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லி வைத்துவிடுங்கள். மதியக் காட்சியாகப் பார்த்தால் வெளிச்சத்திலேயே அறைக்குத் திரும்பிவிடலாம்.

டோம்பிவிலி எழுதியது:

நன்றி ஐயா. மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன். அம்மாவும் நீங்களும் மதியம் ‘அப்பா’ குழுவின் பாட்டுக்குப் போங்கள், மாலையில் நான் தனியாக முலுந்து வாசகி சொன்ன மாதிரி யாருக்கும் தெரியாத புது நாடகத்துக்குப் போகிறேன் என்கிறார். தந்தை யார் என்கிற விஷயத்தை மாமியாரிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பார்த்துவிட்டு வந்து எழுதுகிறோம்.